வன்னியில தனிமரப் படம்: ஸ்னோ இல்லாட்டி ஏலாதோ?

தூரதேசி · மார்கழி 12, இரவு 8:40

குளிர்கால நிலத்தில தனிமரம் எண்டு படம் எடுக்கிறதெல்லாம் ஸ்னோ கொட்டுற நாட்டுக்குத்தான் சரி. வெள்ளை நிலம், கறுப்பு மரம், வேற ஒண்டும் இல்லை. தை (ஜனவரி) மாதம் மூண்டு கிழமை கிளிநொச்சிப் பக்கம் நிக்கப் போறன். கமராவும் தூரத்தை இழுக்கிற 70-200 மி.மீ. லென்சும் கொண்டு வந்து பிரயோசனம் இருக்கோ, இல்லாட்டிச் சும்மா பாரமோ? வன்னியில எங்க திரும்பினாலும் பச்சையும் காடும்தானே.

மருதடி · மார்கழி 12, இரவு 10:05

கமராவையும் கொண்டு வாங்கோ, 70-200ஐயும் கொண்டு வாங்கோ. தூர நிண்டு இழுத்தெடுத்தா மரம் தனிச்சு நிக்கும்.

ஸ்னோ அங்க செய்யிற வேலை என்ன? மரத்துக்குக் கீழ கிடக்கிற புல்லு, கல்லு, வேலி எல்லாத்தையும் ஒரே வெள்ளையால மூடுது. இஞ்ச அந்த வேலையைத் தைப்பனி, அதாவது தை மாத மூடுபனி, செய்யும். ஸ்னோ நிலத்தில கிடக்கும், பின்னேரம் மட்டும் உங்களுக்காகக் காத்திருக்கும். பனி காத்தில நிக்கும், ஒண்டரை மணித்தியாலத்தில போயிடும். அதுதான் வித்தியாசம்.

பனி இறங்க மூண்டு சங்கதி ஒண்டாச் சேரவேணும்: ஈரமான நிலம், முகில் இல்லாத இரவு, காத்தில்லாத விடியல். முகில் இருந்தா அது போர்வை மாதிரி நிலத்துச் சூட்டைப் பிடிச்சு வைக்கும், நிலம் குளிராது. காத்து அடிச்சா மேல் காத்தும் கீழ்க் காத்தும் கலந்து பனி கட்டாது. மார்கழியில நிலம் மட்டும்தான் ஈரம். வாடையும் மழை முகிலும் மற்ற ரெண்டையும் கெடுத்துப்போடும். தை நடுவுக்குப் பிறகு, மழை விட்டு ரெண்டு மூண்டு நாள் வெயில் எறிச்சு, வயலில தண்ணி இன்னும் நிக்கேக்க வாற விடியல்தான் சரியான விடியல்.

நாலரைக்கு எழும்பி முத்தத்தில நிண்டு பாருங்கோ. வானத்து வெள்ளி பளிச்செண்டு தெரியுது, வாழையிலை ஆடேல்லை, மோட்டச்சைக்கிள் சீற்றைத் தொட்டாக் கை நனையுது எண்டால் வெளிக்கிடலாம். வெள்ளி தெரியேல்லையோ, திரும்பிப் படுங்கோ.

மருதடி · மார்கழி 12, இரவு 10:20

நேரம் சொல்ல மறந்திட்டன். கிளிநொச்சியில சூரியன் மார்கழிக் கடைசியில 6:20 போல, தைக் கடைசியில 6:30 போல எழும்பும். இருள் விலகத் தொடங்கிறது அதுக்கு 20, 25 நிமிசம் முந்தி. ஆறு மணிக்கு ட்ரைபொட் நிலத்தில நிக்கவேணும். ஆறு மணிக்கு வீட்டில தேத்தண்ணி குடிக்கிறவைக்குப் பனி கிடைக்காது.

வவுனிக்குளத்தார் · மார்கழி 13, காலை 7:15

அண்ணை, தூர நிண்டு இழுக்கிற கதை எங்கட பக்கம் சரிவராது. வயலுக்குள்ள மரம் நிக்கும், பின்னால காடு சுவர் மாதிரி நிக்கும். 200ஆல இழுத்தா மரம் எது காடு எது எண்டே தெரியாது.

மருதடி · மார்கழி 13, பின்னேரம் 6:30

தம்பி சொன்னது சரி, நான் நேற்றுச் சொன்னது பிழை. பரந்தன், முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் வெட்ட வெளி, அங்க இழுக்கலாம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மல்லாவிப் பக்கம் இழுத்தாப் பிழைக்கும். கணக்கைப் பாருங்கோ.

மரம் 15 மீற்றர் உயரம். அதுக்குப் பின்னால 700 மீற்றரில காட்டு விளிம்பு, 12 மீற்றர் உயரம். கமரா ஒண்டரை மீற்றரில. மரத்துக்கு 100 மீற்றரில நிண்டா, தொடுவானத்துக்கு மேல மரம் எழும்புற அளவு காடு எழும்புறதைப் போலப் பத்து மடங்கு. 400 மீற்றருக்குப் பின்வாங்கினா அது மூண்டரை மடங்காக் குறைஞ்சிடும். லென்ஸ் எதுவானாலும் இந்த விகிதம் மாறாது. நிக்கிற இடம்தான் மாத்தும். 200 போட்டா நடக்கிறது என்னெண்டா, பின்வாங்கி நிண்டு வளர்ந்த காட்டைப் பெருப்பிச்சுக் காட்டுறது.

ஆகையால் காடு இருக்கிற இடத்தில கிட்டப் போங்கோ, கமராவைப் பதியுங்கோ. இடுப்பளவிலயிருந்து முழங்காலளவுக்கு இறக்கினா கிளை முழுக்க வானத்தில ஏறும். இறக்கேக்க நெல்லுக்கதிர் முன்னால வந்து மறைக்கும். அதுக்கு வரம்பு ஓரத்தில, வாய்க்கால் பக்கம் நிக்கிறதுதான் வழி.

50 லென்ஸ் எப்பிடி வருது எண்டும் பாருங்கோ. 100 மீற்றரில 15 மீற்றர் மரம் படத்தின்ர உயரத்தில மூண்டில ஒரு பங்கு நிக்கவேணுமெண்டா, ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சர்) கமராவில 53 மி.மீ. கேக்குது, அதாவது சாதாரண 50. சின்ன சென்சர் கமராவில 35. எல்லாரும் பெட்டிக்குள்ள வைச்சிருக்கிற மலிஞ்ச லென்ஸ்.

மருதடி · மார்கழி 13, இரவு 9:50

குளக்கட்டில ஏறி நிண்டா இதுக்கு எதிர்மாறு. கட்டு உயரத்திலயிருந்து பாக்கேக்க மரத்துக்குப் பின்னணி வானமில்லை, வயல். வயலில பனி படிஞ்சு கிடந்தா அது வெள்ளைச் சீலை. அப்ப 70-200 வேலை செய்யும். லென்சைத் திருப்பி அனுப்பிப்போடாதேங்கோ.

தூரதேசி · மார்கழி 14, அதிகாலை 3:10

இஞ்ச இப்ப பின்னேரம், வெளியில மைனஸ் 9. நீங்கள் முத்தத்தில நிண்டு குளிர் பாக்கிறதை நினைக்கச் சிரிப்பு வருது. பனி எவ்வளவு திக்கா இருக்கவேணும்?

மருதடி · மார்கழி 14, பகல் 12:40

20, 21 பாகைக்கே சுவெற்றர் போட்டுத் தலையில துவாய் கட்டுற சனம் நாங்கள். சிரியுங்கோ.

திக்கு எண்டு பாக்காமல் எவ்வளவு தூரம் தெரியுது எண்டு பாருங்கோ. றோட்டோரக் கரண்ட் தூண்களுக்கு இடையில எத்தினை அடி எண்டு முதல் நாளே நடந்து எண்ணி வையுங்கோ. விடிய வந்து கடைசியாத் தெரியிற தூணை எண்ணினா எல்லை கையில. 300 மீற்றருக்குப் பிறகு ஒண்டும் தெரியேல்லை எண்டு வையுங்கோ. 100 மீற்றரில நிக்கிற மரத்தின்ர கறுப்பில கால்வாசிதான் கண்ணுக்கு வந்து சேரும். மற்றதைப் பனி தின்னும். 30 மீற்றரில நிண்டா மூண்டில ரெண்டு பங்கு மிஞ்சும். மெல்லிய சாம்பல் நிழல் வேணுமெண்டா எல்லையில மூண்டில ஒரு பங்கில நில்லுங்கோ, அழுத்தமான கறுப்பு வேணுமெண்டா பத்தில ஒரு பங்குக்குப் போங்கோ. எல்லையில பாதியைத் தாண்டினா எடிற்றிங்கில மரத்தைத் தேடவேண்டி வரும்.

அந்தக் காடு? 800 மீற்றரில இருந்த காடு இல்லவே இல்லை. ஸ்னோவாலகூட மறைக்க ஏலாததைத் தைப்பனி மறைக்கும்.

பூநகரி வாசகி · மார்கழி 14, இரவு 8:00

கமரா உள்ள ஆக்களுக்கு மட்டும்தானோ இந்த வகுப்பு? போனில எடுத்தாப் பனி எல்லாம் ஊத்தைச் சாம்பலா வருது.

மருதடி · மார்கழி 14, இரவு 9:15

கமராவிலயும் அப்பிடித்தான் வரும் அக்கா. ஒளி அளக்கிற கருவிக்கு உலகம் நடுச்சாம்பல் எண்டு சொல்லிக் குடுத்துக் கிடக்கு. வெள்ளையைக் கண்டா அதையும் சாம்பலாக்கும். ஸ்னோவுக்கும் இதே வியாதி.

கமரா: பனிக்கு முக்கால் ஸ்டொப்பிலயிருந்து ஒண்டேகால் ஸ்டொப் வரைக்கும் கூட்டுங்கோ (ஒரு ஸ்டொப் எண்டா வெளிச்சம் ரெண்டு மடங்கு). முழு வெள்ளை ஸ்னோவுக்கு ஒண்டரை, ரெண்டு. ஹிஸ்ரோகிராமில (இருட்டு இடப்பக்கம், வெளிச்சம் வலப்பக்கம் எண்டு காட்டுற வரைபில) பனிப்படம் ஒற்றை மேடு மாதிரி ஒடுங்கித்தான் வரும். அது நடுவைத் தாண்டி வலப்பக்கம் நிக்கவேணும், வலச் சுவரில முட்டக்கூடாது. சூரியன் செம்மஞ்சளா ஏறேக்க மொத்தக் கோட்டைப் பாத்து ஏமாறாதேங்கோ, சிவப்புக் கோட்டைத் தனியாப் பாருங்கோ. மற்ற ரெண்டும் சுகமா இருக்கேக்கயே சிவப்பு முட்டி நிறம் செத்துப்போகும்.

தொடங்கிற இடம்: ஐஎஸ்ஓ (சென்சரின்ர உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் வாய் திறக்கிற அளவு) 8. சூரியனுக்குக் கால் மணித்தியாலம் முந்தி ஒரு செக்கன் போல வரும். சூரியன் பனிக்குள்ளால தெரியேக்க 1/125 கிட்ட வந்திடும். வைற் பலன்சை ஓட்டோவில விடாதேங்கோ, விடியப்புற நீலத்தை "வருத்தம்" எண்டு நினைச்சு அது குணப்படுத்திப்போடும். 5200 கெல்வினில பூட்டுங்கோ.

போன்: முதலாவது, கண்ணாடியைத் துடையுங்கோ. கை எண்ணெய்தான் பாதிப் பனி. மரத்தில விரலை அழுத்திப் பிடிச்சு ஃபோகசையும் வெளிச்சத்தையும் பூட்டிப்போட்டு, சூரியக் குறியை மேல இழுங்கோ. பிரதான கமராவில 100 மீற்றர் மரம் படத்தில ஆறில ஒரு பங்குதான் வரும், 2 மடங்கு போட்டா மூண்டில ஒரு பங்கு. அதுக்கு மேல விரலால இழுத்தா இலை எல்லாம் மெழுகாகும். நைற் மோட் வேண்டாம், அதுவும் இலையை மெழுகும். எச்டிஆரையும் நிப்பாட்டி ஒருக்காப் பாருங்கோ. பனியைக் குறையெண்டு நினைச்சுக் கழுவிவிடுற போன்கள் இருக்கு.

வவுனிக்குளத்தார் · மார்கழி 15, காலை 6:50

ஃபோகஸ் பிடிக்குதில்லை அண்ணை. முன்னுக்கும் பின்னுக்கும் ஓடித் திரியுது.

மருதடி · மார்கழி 15, காலை 7:30

பனியில மாறுபாடு இல்லை, அது எதைப் பிடிக்கிறது? லைவ் வியூவில பத்து மடங்கு பெருப்பிச்சு, கிளை விளிம்பு வானத்தைத் தொடுற இடத்தில கையால ஃபோகஸ் பண்ணுங்கோ. பண்ணினபிறகு ஓட்டோவுக்கு மாத்தாதேங்கோ. எஃப் 16க்கு மூடினா எல்லாம் கூராகும் எண்டு நினைக்கவேண்டாம், சின்ன சென்சரில எஃப் 11க்கு மேலயே கூர்மை குறையத் தொடங்கும்.

மருதடி · மார்கழி 15, இரவு 10:30

ட்ரைபொட். வரம்பு பாக்க இறுக்கமாத் தெரியும், மாரித் தண்ணியில உள்ளுக்குச் சோறு மாதிரி. கால் ஒரேயடியாப் புதையாது. ஒரு செக்கன் எடுக்கேக்க மயிரிழை இறங்கும். படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தா எல்லாக் கிளையும் மேல் கீழா ரெட்டையாத் தெரியும். காத்து ஆட்டினதெண்டா நுனிக் கிளைதான் மங்கும், அடிமரம் கூரா நிக்கும். அடிமரமும் மங்கினா ட்ரைபொட்தான் குற்றவாளி.

மருந்து சிரட்டை. மூண்டு சிரட்டையைக் கவிழ்த்து வைச்சு அதில கால்களை ஊண்டுங்கோ. நடுத்தண்டை உயத்தாதேங்கோ. ஊண்டினபிறகு மேலயிருந்து உள்ளங்கையால அமத்தி, ரெண்டு நிமிசம் விட்டு, பிறகு ரெண்டு செக்கன் ரைமரில அடியுங்கோ.

பூநகரி வாசகி · மார்கழி 16, காலை 9:00

கவிழ்த்த சிரட்டையில கால் வழுக்குமே தம்பி. மல்லாத்தி வையுங்கோ, கால் குழிக்குள்ள நிக்கும். சிரட்டையும் வள்ளம் மாதிரிச் சேத்தில மிதக்கும்.

மருதடி · மார்கழி 16, பகல் 1:10

அக்காதான் சரி. கவிழ்த்து வைச்சா உள்ளுக்குக் காத்து அடைபட்டு, இழுக்கேக்க சேறு உறிஞ்சிப் பிடிக்கும். மல்லாத்தினாச் சுகமாக் கழரும். மேல உள்ளதை அப்பிடியே விடுறன், பிழை விட்டது தெரியட்டும்.

மருதடி · மார்கழி 18, இரவு 9:00

சூரியனை மரத்துக்குப் பின்னால இருத்திறதைப் பற்றி மூண்டு பேர் தனியாக் கேட்டிருக்கினம்.

சூரியன் இப்ப நேர்கிழக்கில எழும்பாது. மார்கழி (டிசம்பர்) 21, 22 அளவில கிழக்குக்குத் தெற்கே 24 பாகை, பொங்கலுக்கு 21, 22 பாகை. நேர்கிழக்குக்கு வாறது பங்குனி (மார்ச்) 20 அளவில. மார்கழிக் கடைசியில ஒரு கிழமை முழுக்க எழும்பிற இடம் பெரிசா மாறாது, ஒரு நாள் பனி வராட்டி அடுத்த நாள் அதே வரம்பில நிக்கலாம். மாசியில ஒண்டரை நாளைக்கு ஒருக்காத் தன்ர அகலமளவு வடக்கே நகரும், வரம்பு மாறவேணும்.

மரத்துக்கும் உங்களுக்கும் 100 மீற்றர் எண்டா, ஒரு பாகை திருத்த ஒண்டேமுக்கால் மீற்றர் பக்கவாட்டில நகந்தாக் காணும். 400 மீற்றரில ஏழு மீற்றர். கிட்ட நிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்: ஒரே வரம்பில முன்னப் பின்ன நடந்து சூரியனை ஓட்டலாம். தூர நிண்டா அடுத்தவன்ர வயலுக்குள்ள போகவேணும்.

பெரிய சூரியன், சின்ன மரம் வேணுமோ? சூரியன் கண்ணுக்குத் தெரியிற அகலம் தூரத்தில 108இல ஒரு பங்கு. 15 மீற்றர் மரத்துக்குச் சமனாச் சூரியன் தெரியவேணுமெண்டா 1.6 கிலோமீற்றர் பின்னால நில்லுங்கோ.

மருதடி · மார்கழி 19, காலை 5:55

நேற்றைய கடைசிப் பந்தியைப் பனிநாளில பாவியாதேங்கோ. 300 மீற்றர் தெரியாத பனியில 1.6 கிலோமீற்றரில என்ன மரம்? அது மாசி பங்குனியில, காஞ்ச தெளிஞ்ச விடியலுக்கு.

பனிநாளில சூரியன் தொடுவானத்தில தெரியவும் மாட்டுது. திக்கான படையைத் தாண்டி ஏறினபிறகுதான் தட்டு மாதிரித் தெரியும், அநேகமா அஞ்சு பாகை உயரத்தில. இஞ்ச சூரியன் ஏறக்குறைய நாலரை நிமிசத்துக்கு ஒரு பாகை ஏறும். எனவே உதிச்சு 22 நிமிசம் போல. அதுக்குள்ள ஒரு பாகை தெற்காலயும் விலகியிருக்கும், உதிக்கிற புள்ளிக்கு நேரா நிண்டவை வலப்பக்கம் சூரியனைத் தேடுறது இதாலதான். கிளைக்கூட்டத்தின்ர நடு 10 மீற்றர் உயரம் எண்டால், அஞ்சு பாகைச் சூரியன் அதுக்குள்ள இருக்க 100 மீற்றரில நிக்கவேணும். எட்டுப் பாகைக்கு ஏறினா 60 மீற்றருக்குக் கிட்டப் போகவேணும். சூரியன் ஏற ஏற நீங்கள் மரத்தை நோக்கி நடக்கிறியள். ட்ரைபொட்டை அப்பிடியே தூக்கிக்கொண்டு, சிரட்டையை மறக்காமல்.

கண்ணால நோகாமல் பாக்கக் கூடியதா இருக்குமட்டும்தான் படமும். கண் கூசத் தொடங்கினா வியூ ஃபைண்டரால பாக்காதேங்கோ, மரத்தண்டுக்குப் பின்னால ஒளிச்சு எடுங்கோ.

தூரதேசி · மார்கழி 20, அதிகாலை 4:30

எந்த மரம்? பேர் சொல்லுங்கோ. இலை இல்லாத கிளை வேணும் எனக்கு.

மருதடி · மார்கழி 20, இரவு 8:45

இலை உதிர்ந்த மரத்துக்கு மாரியில இஞ்ச வந்தா? மாரிதான் எங்கட மரங்களுக்கு வசந்தம். இருக்கிறதைச் சொல்லுறன்.

பாலை: எண்டைக்கும் பச்சை, அடர்த்தி, பனியில கறுத்தக் குடை மாதிரி. உருவம் விளிம்பில மட்டும்தான், உள்ளுக்கு வானம் தெரியாது. சூரியனைப் பின்னால வைச்சா விழுங்கிப்போடும், பக்கத்தில வையுங்கோ. புளியும் இந்தச் சாதி.

மருது: குளத்தடி, ஆத்தங்கரை. தண்டு வெளிர்ச் சாம்பல், உரிஞ்ச பட்டை. பனியில தண்டு கரைஞ்சு இலைக்கூட்டம் அந்தரத்தில நிக்கும். அது வேண்டாமெண்டா இன்னும் கிட்டப் போங்கோ.

வேம்பு: இடையிடையே வானம் தெரியும், சூரியன் உடைஞ்சு வரும். எல்லாத்திலயும் சுகமானது.

இலவு: தை மாசியில இலை கொட்டும். கிளை தட்டுத் தட்டா, கிடையா நீளும். தூரதேசிக்கு இதுதான். ஆனா வயல் நடுவில கிடைக்காது, வளவுக்குள்ள நிக்கும். பின்னால தண்ணித்தாங்கியும் நிக்கும்.

பனை: தலை பெருத்து உடல் மெல்லிசு. நிமிர்த்தின படத்துக்குச் சரி, கிடைப்படத்தில குச்சி மாதிரி. பூநகரியில வெட்டவெளியில நிக்கிறதுகள் காத்துப் பக்கம் சாய்ஞ்சிருக்கும், சாயிற பக்கத்தில இடத்தை விடுங்கோ. மொட்டைப் பனைகள் இன்னும் நிக்குது. பனைக்கு உச்சிக் குருத்து ஒண்டுதான், அது போனா மறுபடி துளிர்க்காது. பொந்துக்குள்ள கிளி இருக்கும். ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில வெளியில வந்து வாயில குந்தும். 1/500க்குக் கீழ வையாதேங்கோ, அசையாத மாதிரித் தெரிஞ்சாலும் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பனை ஏன் மொட்டை எண்டு இஞ்ச ஒருத்தருக்கும் விளக்கத் தேவையில்லை, படத்துக்குத் தலைப்பு வைக்கேக்க வாயை அடக்குங்கோ.

வவுனிக்குளத்தார் · மார்கழி 20, இரவு 9:30

குளத்துக்குள்ள நிக்கிற பட்டமரத்தை விட்டுட்டீங்கள் அண்ணை. இலை இல்லாத கிளை அதுதானே!

மருதடி · மார்கழி 21, இரவு 7:20

விட்டுத்தான் போட்டன். குளம் நிரம்பி வான் பாயிற காலத்தில தண்ணி கரைமட்டும் நிக்கும், மரம் தண்ணி நடுவில. ஆவணியில போனா அதே மரம் காஞ்ச சேத்தில நிக்கும், மாட்டுக் குளம்படியோட. தூரதேசி கேட்ட வெள்ளை நிலம் கறுப்பு மரம் இதுதான்: பனிவானமும் தண்ணியும் ஒரே நிறமாகி, கரையே தெரியாது.

தண்ணி விடிய ஏழரை மட்டும்தான் கண்ணாடி. பிறகு காத்து எழும்பும். தண்ணியில விழுற நிழல் வேணுமெண்டா கமராவைத் தண்ணிக்கு ஒரு முழத்தில பதியுங்கோ. நிழல் மேல உள்ளதை விட ஒரு ஸ்டொப் இருட்டா வாறது இயற்கை, அதைச் சமப்படுத்தினாப் படம் பொய் சொல்லும். காத்து எழும்பினபிறகு பத்து ஸ்டொப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி) போட்டா 1/60 இருந்த இடம் 17 செக்கன். அலை பால் மாதிரி அழியும். பட்டமரம் ஆடாது, அதால மரம் கூரா நிக்கும். நீர்க்காகம் மட்டும் பேயாத் தெரியும். அது செட்டையை விரிச்சுக் காய விடேக்க அசையாமல் நிக்கிற பிராணி, ஆனா 17 செக்கன் எல்லாம் ஏலாது. முதல்ல 1/250இல ஒண்டு எடுத்து வைச்சுப் பிறகு சேருங்கோ.

தண்ணிக்குள்ள இறங்காதேங்கோ. முதலை இருக்கு, பட்டமர வேரும் இருக்கு.

மருதடி · மார்கழி 23, காலை 8:10

லென்ஸ் பனிக்கிறது. ஏசி வாகனத்திலயிருந்து இறங்கி உடன மூடியைக் கழட்டினா அரை மணித்தியாலம் போச்சு. கடைசி 20 நிமிசம் ஏசியை நிப்பாட்டிக் கண்ணாடியைத் திறவுங்கோ. ஏசி இல்லாட்டியும் தெளிஞ்ச வானத்துக்கு முகம் காட்டி நிக்கிற லென்ஸ் காத்தை விடக் குளிர்ந்து தானாப் பனி பிடிக்கும். ஹூட்டைப் போட்டு, எடுக்காத நேரம் முகத்தைக் கீழ பாக்கத் திருப்பி, மேல துவாயைப் போடுங்கோ. வாயால ஊதாதேங்கோ.

வீட்டை வந்து ஈரத்தோட பைக்குள்ள மூடினாப் பூஞ்சணம். இறுகின பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் வையுங்கோ. நிறம் மாறினா மெல்லிய சூட்டில தாச்சியில வறுத்துத் திரும்பப் பாவிக்கலாம். அரிசி வேண்டாம், மாத்தூசி ஏறும்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் எண்டுறவை. லென்சையும் சேத்திருக்கலாம்.

தூரதேசிக்கு: உங்கட பக்கம் எதிர்த்திசை. வெளியில பிரச்சினை இல்லை, வீட்டுக்குள்ள வரேக்கதான். வெளியிலயே கமராவை ஸிப் பூட்டுற பிளாஸ்டிக் பைக்குள்ள மூடிக் கொண்டுவந்து, ரெண்டு மணித்தியாலம் திறக்காதேங்கோ. மேலதிக பற்றரி உள்சட்டைப் பையில, உடம்புச் சூட்டில இருக்கட்டும்.

பூநகரி வாசகி · மார்கழி 24, இரவு 7:00

வயல்காரரைக் கேக்காமல் இறங்கிறவைக்கும் ஒரு பந்தி எழுதுங்கோ.

மருதடி · மார்கழி 24, இரவு 10:15

எழுதத்தான் வேணும். ஜப்பானில, ஹொக்கைடோவின்ர பியெய் ஊரில வயலுக்குள்ள ஒரு தனிப் பொப்லார் நிண்டது, தத்துவ மரம் எண்டு பேர். ஸ்னோவில அதைப் படமெடுக்க உலகமே போனது. 2016 மாசியில வயல்காரரே வெட்டிப்போட்டார். மரம் கிழண்டு சரிஞ்சது ஒண்டு, படமெடுக்க வந்தவை தடையை மதிக்காமல் வயலுக்குள்ள இறங்கினது மற்றது.

இஞ்ச காலபோகத்து (மாரிப் போகத்து) நெல்லுத் தையில கதிர் தள்ளி நிக்கும். ஒரு அடி வைச்சா ஒரு கைப்பிடி நெல். வரம்பை விட்டு இறங்கிறதில்லை. வரம்பும் புதுசாக் கட்டினதெண்டா மிதிக்கிறதில்லை, உடைஞ்சாத் தண்ணி ஓடிடும்.

மரம் ஏன் தனிச்சு நிக்குது எண்டும் பாருங்கோ. காட்டை வெட்டி வயலாக்கேக்க ஒரு மரத்தை விட்டதுக்குக் காரணம் இருக்கும். அநேகமா அடியில ஒரு கல்லு, சூலம், எண்ணெய் பிடிச்ச விளக்குத் தட்டு: ஐயனார், பிள்ளையார், நாச்சிமார். செருப்பைக் கழட்டுங்கோ. படத்துக்குக் குறுக்கால நிக்குதெண்டு கல்லையோ துணியையோ நகத்தாதேங்கோ.

ஆபத்து உண்மையானது. காட்டு விளிம்பில பண்டிக்குக் கட்டுத்துவக்கு (தட்டினா வெடிக்கிற பொறித் துவக்கு) இருக்கலாம், களவாக் கரண்ட் கம்பியும் இருக்கலாம். இருட்டில வரம்பை விட்டு விளிம்புக்குப் போகாதேங்கோ. மிதிவெடிக்கு வைச்ச மண்டையோட்டுப் பலகை, சிவப்புக் குறி கண்டா மரம் எவ்வளவு வடிவெண்டாலும் திரும்புங்கோ. பலகை இல்லாத இடத்திலயும் சனம் நடக்கிற பாதையாலதான். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் பனிக்குள்ள ஆனை நிண்டா முப்பது அடியில கூடத் தெரியாது. காவலுக்குக் கிடந்தவரைக் கேட்டுப்போட்டு இறங்குங்கோ. வரம்பில புடையன் பாம்பு, முழங்கால் வரைக்கும் சப்பாத்து, ரோச் லைற். காலில புண் இருந்தா வயல் தண்ணியில வைக்கவேண்டாம், எலிக்காய்ச்சல்.

மருதடி · தை 3, இரவு 8:30

நிலாவைப் பற்றிக் கேட்டவருக்கு. பூரணைக்கு முதல் நாள் எடுங்கோ. அண்டைக்கு நிலா சூரியன் படமுந்தி, முக்கால் மணித்தியாலம் போல முன்னால எழும்பும். மரத்தில பின்னேர வெயில் இன்னும் இருக்கும், நிலாவும் வெளிறாமல் இருக்கும். பூரணையண்டு நிலா மேல வாறதுக்குள்ள மரம் இருண்டிடும், வேணுமெண்டா வெறும் நிழலுரு எடுக்கலாம். காலைச் சூரியனுக்குப் பாத்து வைச்ச வரம்பு இதுக்கு உதவாது. தைப் பூரணை நிலா கிழக்குக்கு வடக்கால எழும்பும், சூரியன் தெற்கால. ஒரு மரத்துக்கு ரெண்டு வரம்பு.

தூரதேசி · தை 9, இரவு 11:00

பரந்தனுக்கு வந்திட்டன். ரெண்டு விடியல் மழை. கறுப்பு வெள்ளையாக்கினா வயல் ஸ்னோ மாதிரி வருமோ?

மருதடி · தை 10, காலை 6:05

மாத்தேக்க பச்சை, மஞ்சள் ரெண்டையும் உயத்துங்கோ, வயல் வெளிறும். மரமும் பச்சைதானே எண்டு பயப்படாதேங்கோ, சூரியனுக்கு எதிரா எடுத்த மரத்தில நிறமே மிஞ்சாது, கறுப்பாவே நிக்கும். சூரியனை முதுகில வைச்சு எடுத்ததெண்டா ரெண்டும் சேந்து வெளிறும், அந்தப் படத்தை விடுங்கோ. டீஹேஸ் பக்கம் கை வைக்காதேங்கோ. ஒரு மாதமாக் காத்திருந்த பனியை ஒரு இழுவையில துடைக்கிற கருவி அது.

ஸ்னோ மாதிரி வராது. நெல்லுத்தாள் நெல்லுத்தாளாத்தான் தெரியும்.

மருதடி · தை 10, காலை 6:20

இண்டைக்கு வெள்ளி தெரிஞ்சது. சிரட்டை தேடேக்க ஒண்டு: கண் உள்ள பாதியை எடுக்காதேங்கோ, ட்ரைபொட் ஊசி கண்ணுக்குள்ளால இறங்கிச் சிரட்டை பிளக்கும். மற்றப் பாதி மூண்டு.